கலவையான மலைச்சரிவுக்கு எந்த ஸ்கீ? நெல்லைப் பக்கத்து ஆட்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று நம்ம ஊர்களிலிருந்து போய் மியூனிக்கிலும் டொரண்டோவிலும் டென்வரிலும் வேலை பார்க்கிறவர்களில் பலர் குளிர்காலம் வந்தால் பனிச்சறுக்குக்குப் போகிறார்கள். ஊரிலேயே இருக்கிறவர்களிலும் சிலர் ஜனவரி, பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க் போய் வருகிறார்கள். ஜெர்மனியில் இருந்த காலத்தில் ஆல்ப்ஸ் மலையில் சறுக்கப் பழகிவிட்டு இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிற என்னிடம், போனிலும் கல்யாண வீடுகளிலும் இவர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பெரும்பாலான நேரம் எந்தப் பனியில் நிற்கிறீர்கள், உங்கள் எடை என்ன, இந்த இரண்டையும் பார்த்து ஸ்கீயை, அதாவது சறுக்குப் பலகையை, வாங்குங்கள். வருஷத்தில் ஒரு நாள் கிடைத்தாலும் கிடைக்கலாம் என்கிற முழங்கால் ஆழப் பனியை நினைத்து வாங்காதீர்கள்.

அண்ணாச்சி, ஆல்-மவுண்டன் ஸ்கீ என்றால் என்ன? மற்றதிலிருந்து எப்படி வேறுபடும்?

ஒரு ரிசார்ட்டில் ஒரே நாளில் நாலைந்து விதமான பனி கிடைக்கும். காலையில் லிஃப்ட் திறக்கும்போது இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த பாதை வரிவரியாக, கெட்டியாக இருக்கும். பதினொரு மணிக்கு மேல் ஆட்கள் சறுக்கிச் சறுக்கி அது பொடிந்து குவியல் குவியலாகும். செங்குத்தான சரிவில் எல்லாரும் ஒரே இடத்தில் திரும்புவதால் மொகுல் என்று சொல்லும் மேடுகள் உண்டாகும். பாதையின் ஓரத்திலும் மரங்களுக்கு இடையிலும் யாரும் மிதிக்காத மெத்தென்ற பனி கிடக்கும். வெயில் ஏறினால் கீழ்ப்பகுதி கஞ்சி மாதிரி இளகிவிடும். இது அத்தனையிலும் ஓரளவு நன்றாக ஓடுகிற மாதிரி செய்ததுதான் ஆல்-மவுண்டன்.

கெட்டிப் பாதைக்கென்றே செய்கிற கார்விங் ஸ்கீயின் நடுப்பகுதி அகலம் 65 முதல் 80 மி.மீ. வரை இருக்கும். ஆழமான பனிக்கான பவுடர் ஸ்கீ 110 மி.மீ.க்கு மேலே போகும். ஆல்-மவுண்டன் இடையில், சுமார் 80 முதல் 100 வரை. இந்த அகலத்தை ஆங்கிலத்தில் இருப்பது மாதிரியே இடுப்பு அளவு என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். பூட்ஸுக்குக் கீழே, ஸ்கீ மிகவும் ஒடுங்குகிற இடத்தில் எடுக்கிற அளவு அது.

குல்மார்க்குக்கு முதல் தடவை போகிறேன். வாங்கிக்கொண்டு போகவா?

வேண்டாம். வாடகைக்கு எடுங்கள். முதல் சில நாட்கள் எந்த ஸ்கீயில் நின்றாலும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தப் பணத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுங்கள்.

அகலம் எவ்வளவு எடுக்கணும்? கடையில் 84, 88, 94, 100 என்று வரிசையாக வைத்திருக்கிறான்.

அதிகப் பேர் குழம்புகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாற்று நடுவதற்கு முன் வயலில் பரம்படிக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். வெறுங்காலோடு இறங்கினால் முழங்கால் வரை புதைகிற சேற்றில், பரம்புப் பலகை மேல் ஆள் ஏறி நின்றாலும் பலகை புதையாது. எடை அகலமான பரப்பில் பரவிவிடுகிறது. மெத்தென்ற பனியில் அகலமான ஸ்கீ மிதப்பதும் அதனால்தான்.

கெட்டிப் பனியில் கதை மாறுகிறது. அங்கே ஸ்கீயைச் சாய்த்து அதன் இரும்பு விளிம்பை, அதாவது எட்ஜை, பனியில் பதித்துத்தான் திரும்ப முடியும். 84 மி.மீ. ஸ்கீயில் எட்ஜ் உங்கள் பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 42 மி.மீ. தள்ளி இருக்கிறது. 100 மி.மீ. ஸ்கீயில் 50. அந்த 8 மி.மீ. கூடுதல் நெம்புகோலைக் கணுக்காலும் முழங்காலும் நாள் முழுக்கத் தாங்க வேண்டும். ஒரு எட்ஜிலிருந்து இன்னொரு எட்ஜுக்கு மாறவும் கூடுதல் நேரம் எடுக்கும். இளம் வயசில் இது பெரிதாகத் தெரியாது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மதியம் மூன்று மணிக்கு முழங்கால் சொல்லும்.

ஆகவே நீங்கள் எங்கே சறுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து அகலம் மாறும். மியூனிக், ஸ்டுட்கார்ட் பக்கம் இருந்துகொண்டு ஆஸ்திரியாவுக்கோ ஜெர்மனியின் கார்மிஷுக்கோ போகிறவர்கள் பெரும்பாலும் சமன்செய்த பாதையில்தான் சறுக்குகிறார்கள். அவர்களுக்கு 80 முதல் 88 போதும். டொரண்டோ, பாஸ்டன், நியூ ஜெர்சிக்காரர்களுக்கும் அதே அளவுதான். அங்கே மழை பெய்து உறைந்து கண்ணாடியாகிற பனி சகஜம், அதனால் எட்ஜ் பிடிப்பு முக்கியம். டென்வர், சால்ட் லேக் சிட்டி பக்கம் காற்று காய்ந்து, பனி லேசாக, மாவு மாதிரி விழும். அங்கே 92 முதல் 100 வரை நியாயமானது. சியாட்டிலிலும் கலிபோர்னியாவின் டாஹோவிலும் நிறையப் பனி விழும், ஆனால் கனமாக, ஈரமாக விழும். அங்கே அகலத்தோடு கொஞ்சம் உறுதியும் தேவை. ஜப்பானில் நிசெக்கோ, ஹகுபா போகிறவர்கள் மட்டும் 100க்கு மேலே யோசிக்கலாம்.

ஒரே ஒரு ஸ்கீதான் வாங்கப்போகிறேன், எந்த ஊருக்குப் போவேன் என்று தெரியாது என்கிறவர்களுக்கு நான் சொல்வது 86 முதல் 92க்குள்.

யூடியூபில் எல்லாரும் 98, 100 தான் சரி என்கிறார்களே?

அவர்கள் எடையைப் பாருங்கள். ஸ்கீயைச் சோதித்துப் பேசுகிற அமெரிக்க ஆட்களில் பலர் 80 கிலோவைத் தாண்டியவர்கள், ஆறடிக்காரர்கள், சீசன் முழுக்க மலையிலேயே இருப்பவர்கள். நம்மாட்களில் 60, 65 கிலோ ஆட்கள் நிறைய. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் ஒன்றாக இருந்தால் 88 மி.மீ. ஸ்கீயைவிட 100 மி.மீ. ஸ்கீயின் பரப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அதிகம். ஆனால் 80 கிலோ ஆளைவிட 62 கிலோ ஆளின் எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அப்படியென்றால் 88இல் நிற்கிற 62 கிலோ ஆள், 100இல் நிற்கிற 80 கிலோ ஆளைவிட நன்றாகவே மிதப்பார். யூடியூப்காரர் 100இல் அனுபவிக்கிற மிதப்பு உங்களுக்கு 88இலேயே கிடைத்துவிடுகிறது. கெட்டிப் பனியில் சுறுசுறுப்பாகத் திரும்புவதும் கூடவே கிடைக்கிறது.

விறைப்புக்கும் இதே கணக்குத்தான். ஸ்கீ வளைந்தால்தான் திரும்பும். 85 கிலோ ஆள் வேகத்தில் அழுத்தி வளைக்கிற ஸ்கீ, 60 கிலோ ஆளுக்குப் பலகையாகவே இருக்கும். ‘உறுதியானது, எந்த வேகத்திலும் ஆடாது’ என்று ஒரு ஸ்கீயைப் பாராட்டினால், எடை குறைந்தவர்கள் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நடுத்தர விறைப்பு, முன்பக்கம் எளிதாக வளைகிறது என்று சொல்லப்படுகிற ஸ்கீ பொருந்தும்.

நீளம்? என் உயரம் 168 செ.மீ., கடைக்காரர் 177 எடுக்கச் சொல்கிறார்.

168 செ.மீ. உயரமும் அறுபதுகளில் எடையும் உள்ள ஒருவர், திருப்பங்களை ஓரளவு கட்டுப்பாட்டோடு போடத் தெரிந்தவர் என்றால், 162 முதல் 170 வரை பாருங்கள். நிறுத்தி வைத்தால் நுனி நெற்றிக்கும் உச்சந்தலைக்கும் இடையில் வரவேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தாடை உயரம். வேகமாக, ஆழமான பனியில் போகிறவர்களுக்குத் தலை உயரம் அல்லது சற்று மேலே.

நீளத்தை முடிவு செய்கையில் உயரத்தைவிட எடைக்கு மதிப்புக் கொடுங்கள், ஏனென்றால் ஸ்கீக்குத் தெரிவது அதுதான். நுனி அதிகம் மேலே வளைந்த, அதாவது ராக்கர் அதிகமுள்ள ஸ்கீயில் பனியைத் தொடுகிற நீளம் குறைவு. அதை வாங்கினால் ஒரு அளவு கூட்டி எடுக்கலாம்.

ராக்கர், கேம்பர் என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன?

ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி வில் மாதிரி மேலே தூக்கி நின்றால் அது கேம்பர். நீங்கள் ஏறி நின்றதும் அது தட்டையாகி, எட்ஜ் முழுவதையும் பனியில் அழுத்தும். கெட்டிப் பனியில் பிடிப்பும், திருப்பத்தின் முடிவில் தூக்கிவிடுகிற துள்ளலும் இதனால் வருகிறது. ராக்கர் அதற்கு எதிர். நுனியோ வாலோ முன்கூட்டியே மேலே வளைந்திருக்கும். மெத்தென்ற பனியில் நுனி புதையாது, பொடிந்த பனியில் சிக்காது, திருப்பத்தைத் தொடங்குவதும் எளிது.

இந்த வடிவங்கள் ரொம்பப் பழசில்லை. 1990களின் தொடக்கம் வரை ஸ்கீ என்றால் ஏறக்குறைய நேரான, இரண்டு மீட்டர் நீளக் கட்டைதான். ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் எஸ்.சி.எக்ஸ். என்ற மாடலில் நடுவை நன்றாக ஒடுக்கி, முன்னும் பின்னும் அகலமாக்கியது. சாய்த்தாலே தானாகத் திரும்புகிற ஸ்கீ அங்கிருந்துதான் பரவியது. 2002இல் ஷேன் மெக்காங்கி என்ற சறுக்கு வீரரின் யோசனையில் வோலன்ட் நிறுவனம் ஸ்பேட்டுலா என்று, முழுக்கத் தலைகீழாக வளைந்த ஒரு பவுடர் ஸ்கீயைக் கொண்டுவந்தது. இன்று நாம் வாங்குகிற ஆல்-மவுண்டன் ஸ்கீ இந்த இரண்டு யோசனைகளின் கலப்பு: பூட்ஸுக்குக் கீழே கேம்பர், நுனியில் ராக்கர், வாலில் கொஞ்சமாக ராக்கர். கலவையான பனிக்கு இந்தக் கலப்பை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். முழு ராக்கர் ஸ்கீயைக் கெட்டிப் பாதையில் ஓட்டுவது வீண் சிரமம்.

டைட்டனால் உள்ளது நல்லதா, இல்லாதது நல்லதா?

டைட்டனால் என்பது அலுமினியக் கலவைத் தகடு. மர உள்கட்டைக்கு மேலும் கீழும் வைத்து ஒட்டுவார்கள். அது அதிர்வை அடக்கும். வேகத்திலும் உறைபனியிலும் ஸ்கீ படபடக்காமல் போகும். எடையும் விறைப்பும் கூடும், வளைக்கத் தெம்பு வேண்டும். தகடு இல்லாமல் கண்ணாடி இழை, கார்பன், பசால்ட் இழை வைத்துச் செய்வது லேசாக, எளிதாக இருக்கும். ஆனால் பொடிந்து கெட்டித்த பனியில் கொஞ்சம் தட்டித் தூக்கும்.

பாஸ்டன், டொரண்டோ உறைபனிக்குத் தகடு உள்ளது. 60 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், இன்னும் பழகிக்கொண்டிருப்பவர்களுக்கும் தகடு இல்லாதது, அல்லது நடுவில் மட்டும் சிறிய தகடு வைத்தது. உள்கட்டை எந்த மரம் என்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பாப்லர், பீச், ஆஷ், பாலோனியா என்று கலந்துதான் வைக்கிறார்கள். மொத்தமாக அது எப்படி ஓடுகிறது என்பதே கேள்வி.

திருப்ப ஆரம் 15 மீட்டர், 18 மீட்டர் என்று எழுதியிருக்கிறதே?

சிறியது என்றால் குறுகிய திருப்பம் எளிது, பெரியது என்றால் நீண்ட வேகமான திருப்பம். ஆல்-மவுண்டனில் 14 முதல் 18 மீட்டர் வரை எது வந்தாலும் சரி. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேரைச் சொல்லுங்க அண்ணாச்சி. எந்த மாடல்?

மாடலின் பேரில் வருகிற எண் பெரும்பாலும் இடுப்பு அகலம்தான், அதை முதலில் பாருங்கள். ஒரே பேரில் ஒவ்வொரு இரண்டு மூன்று வருஷத்துக்கும் உள்ளே மாற்றுவார்கள், சில நேரம் பேரையே மாற்றிவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்; கீழே சொல்கிறவற்றில் சில இப்போது பழைய சரக்காகத்தான் கிடைக்கும்.

கெட்டிப் பனி அதிகம், உடம்பில் தெம்பும் இருக்கிறது, வேகம் பிடிக்கும் என்றால் வோல்கல் கெண்டோ 88, பிளிசார்ட் பிராமா 88. இரண்டிலும் தகடு உண்டு, இரண்டும் சோம்பேறித்தனத்தை மன்னிக்காது. எளிதாக, கால் நோகாமல், பாதையிலும் ஓரத்திலும் போகணும் என்றால் ரொசிக்னோல் எக்ஸ்பீரியன்ஸ் 82 அல்லது 86 பசால்ட். ஐரோப்பாவில் இருக்கிற நம்ம ஊர் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எலான் ரிப்ஸ்டிக் லேசானது. அதில் இடது, வலது என்று தனித்தனி உண்டு, உள்பக்க எட்ஜில் பிடிப்பும் வெளிப்பக்கம் இளக்கமுமாகச் செய்திருப்பார்கள். மாற்றிப் போட்டுக்கொள்ளக் கூடாது. டென்வர், டாஹோ பக்கத்துக்கு நார்டிகா என்ஃபோர்சர் 94, ஹெட் கோர் 93. என்ஃபோர்சர் கனமானது, அதனாலேயே நிதானமானது. கோர் மிக லேசானது, மரங்களுக்கு இடையில் துள்ளிப் போகிறவர்களுக்கு. வோல்கல் மேன்ட்ரா 96 அகலத்தில் பேர்போனது, ஆனால் 65 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வாங்குவதற்கு முன் இரண்டு மூன்றை ஒரே நாளில், ஒரே மலையில், மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். பல ரிசார்ட் கடைகள் இப்படிச் சோதனை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, வாங்கினால் வாடகையைக் கழித்துக்கொள்கின்றன. மார்ச், ஏப்ரலில் அந்த வருஷச் சரக்கை விலை குறைத்து விற்பார்கள். அடுத்த வருஷ நிறத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

அண்ணே, பெண்களுக்கென்று விற்கிறதைத்தான் நான் வாங்கணுமா?

கட்டாயமில்லை. பிளிசார்ட் பிளாக் பேர்ல், நார்டிகா சான்டா ஆனா போன்றவை எடை குறைந்தவர்களுக்கு ஏற்ற மாதிரி லேசாக, இளக்கமாக, குட்டை அளவுகளிலும் செய்யப்படுபவை. சிலவற்றில் பூட்ஸ் நிற்கிற இடத்தையும் சற்று முன்னே வைப்பார்கள். உங்களுக்குத் தெம்பும் வேகமும் இருந்தால் ஆண்களுக்கென்று விற்பதையே குட்டை அளவில் எடுங்கள். 55 கிலோ இருக்கிற தம்பிமார்கள் பிளாக் பேர்ல் 88ஐப் போட்டுப் பார்க்கட்டும், நிறத்தைப் பார்த்து ஒதுக்க வேண்டாம்.

ஸ்கீக்கு எவ்வளவு, பூட்ஸுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கணும்?

முதலில் பூட்ஸ். கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பூட்ஸை வாங்குங்கள், ஸ்கீயை வாடகைக்கு எடுங்கள். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் பலர் ஸ்கீயைத்தான் முதலில் வாங்குகிறார்கள், ஏனென்றால் அதுதான் கண்ணுக்கு அழகாக இருக்கிறது. ஆனால் உங்கள் கால் செய்கிற ஒவ்வொரு அசைவும் பூட்ஸ் வழியாகத்தான் ஸ்கீக்குப் போய்ச் சேருகிறது. பூட்ஸுக்குள் கால் வழுக்கினால் உலகத்திலேயே சிறந்த ஸ்கீயும் சொன்னபடி கேட்காது.

பூட்ஸ் அளவு மாண்டோபாயின்ட் என்ற கணக்கில், பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில் எழுதியிருக்கும். 26.5 செ.மீ. பாதத்துக்கு 26.5. கடையில் உள்பஞ்சை வெளியே எடுத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விடச் சொல்வார்கள். விரல் நுனி முன்னால் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை, இரண்டு செ.மீ. இடைவெளி இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் பெரிசு. புது பூட்ஸ் நெருக்கமாகத்தான் இருக்கணும். நிமிர்ந்து நின்றால் விரல் லேசாக உரசி, முழங்காலை முன்னே மடக்கினால் விலகணும்.

நமக்கு முக்கியமானது அகலம். செருப்பிலும் வெறுங்காலிலும் நடந்து வளர்ந்த கால்கள் முன்பக்கம் விரிந்திருப்பது சகஜம். பூட்ஸ் 98, 100, 102 மி.மீ. என்று அகலங்களில் வரும். கால் அகலமாக இருக்கிறவர்கள் நெருக்குகிறது என்று ஒரு அளவு பெரிதாக எடுத்துவிடுகிறார்கள். அப்போது குதிகால் தூக்கி ஆடும், நகம் கறுக்கும். அளவைக் கூட்டாமல் 102 அகலத்தைக் கேளுங்கள், அல்லது ஓட்டைச் சூடாக்கி அந்த இடத்தை மட்டும் விரித்துத் தரச் சொல்லுங்கள். பூட்ஸ் பொருத்தத் தெரிந்த நல்ல ஆளிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்த நேரம் உங்களுக்கு வருஷக்கணக்கில் பலன் தரும்.

பூட்ஸின் விறைப்பு எண் (எண் கூடினால் மடக்கக் கடினம்), 60 கிலோ பக்கம் உள்ள, நடுத்தரமாகச் சறுக்குகிற ஆண்களுக்கு 90, 100. பெண்களுக்கு 80, 90. ஒவ்வொரு நிறுவனத்தின் 100ம் ஒன்றில்லை, அதனால் எண்ணை நம்பாமல் போட்டு மடக்கிப் பாருங்கள்.

பைண்டிங்கை நாமே மாட்டி, எண்ணை வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கிற கொக்கிதான் பைண்டிங். விழும்போது ஸ்கீ கழன்று காலைக் காப்பாற்றுவது அதுதான். டின் என்று சொல்லும் அந்த எண், எடை, உயரம், வயசு, பூட்ஸ் அடிநீளம், எவ்வளவு ஆக்ரோஷமாகச் சறுக்குகிறீர்கள் என்பதையெல்லாம் வைத்து, ஐ.எஸ்.ஓ. 11088 என்ற தரநிலையின் அட்டவணைப்படி கணக்கிடப்படுகிறது. ஐம்பது வயசு ஆகிவிட்டால் அட்டவணையே ஒரு படி குறைக்கச் சொல்கிறது. அதிகமாக வைத்தால் கழலாமல் முழங்கால் தசைநார் அறும். குறைவாக வைத்தால் செங்குத்தான இடத்தில் தானாகக் கழன்றுவிடும். பூட்ஸ் மாற்றினால் மறுபடி கடையில் காட்டிச் சரிபார்க்கணும். எடையையும் வயசையும் கடைக்காரரிடம் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

வாங்கும்போது இரண்டு விஷயம். கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் பிடிக்கிற பிரேக்கின் அகலம் ஸ்கீயின் இடுப்பைவிடக் கொஞ்சம் அதிகமாக, ஆனால் 15 மி.மீ.க்கு மேல் போகாமல் இருக்கணும். அப்புறம், இப்போது வருகிற பல பூட்ஸ் நடக்க வசதியாக வளைந்த கிரிப்வாக் அடியோடு வருகின்றன. பழைய பைண்டிங் எல்லாம் அதை ஏற்காது.

ஊருக்குக் கொண்டுவந்தால் நம்ம வெயிலில் கெட்டுப்போகாதா?

வைக்கிற இடத்தைப் பொறுத்தது. ஸ்கீ என்பது மரம், இழை, உலோகம், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எபாக்சி பசையால் ஒட்டிய அடுக்கு. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குள் வைத்தாலோ, காருக்குள் பூட்டி வெயிலில் நிறுத்தினாலோ அந்தப் பசை நாளடைவில் இளகி அடுக்கு பிரியலாம். வீட்டுக்குள், வெயில் படாத சுவரோரம், கட்டிலுக்கு அடியில், தார்சாவின் நிழல் மூலையில் வையுங்கள். காங்கிரீட் கூரைக்கு நேர் கீழே இருக்கிற பரண் வேண்டாம், அங்கே சூடு தேங்கும்.

வெயிலைவிட நான் அதிகம் பயப்படுவது ஈரத்துக்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் மாதங்களிலும் எட்ஜ் சீக்கிரம் துருப்பிடிக்கும். திருச்செந்தூர், உவரி, தூத்துக்குடி மாதிரிக் கடலோரத்தில் உப்புக் காற்று ஒரே மாதத்தில் வேலையைக் காட்டிவிடும். இதற்கு ஒரே மருந்து வேக்ஸ், அதாவது ஸ்கீ மெழுகு. சீசன் முடிந்ததும் நன்றாகத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, அடிப்பரப்பில் தடிமனாக வேக்ஸை உருக்கித் தடவி, எட்ஜ் இரண்டும் மூடுகிற மாதிரி வழியவிட்டு, சுரண்டாமல் அப்படியே விடுங்கள். அடுத்த சீசனுக்கு முன்னால் சுரண்டினால் போதும். பழைய இஸ்திரிப் பெட்டியாலும் உருக்கலாம், ஆனால் புகை வருகிற அளவுக்குச் சூடு ஏற்றக் கூடாது, ஒரே இடத்தில் நிறுத்தவும் கூடாது. இரண்டு ஸ்கீயையும் இறுக்கிக் கட்டாதீர்கள், வளைவு அமுங்கும்.

பூட்ஸின் உள்பஞ்சைக் கழற்றி முழுக்க உலர்த்தி, திரும்ப மாட்டி, கிளிப்புகளைத் தளர்வாகப் போட்டு வையுங்கள். ஓடு பெரும்பாலும் பாலியூரித்தேன். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அது சீக்கிரம் மொறுமொறுப்பாகி உடையும். நீர் உறிஞ்சும் சிலிகா பைகளை உள்ளே போட்டு, மழைக்காலத்தில் ஒரு தடவை மாற்றுங்கள்.

நெல்லையிலிருந்து ஸ்கீயோடு குல்மார்க் போவது எப்படி?

ரயிலில் போகிறவர்களுக்குப் பாதை இப்போது எளிதாகியிருக்கிறது. 2025 ஜூனில் செனாப் பாலம் வழியாகக் காட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடத் தொடங்கியது. டெல்லி வரை ஒரு ரயில், அங்கிருந்து காட்ரா, அப்புறம் ஸ்ரீநகர் என்று மாறிப் போகலாம். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கி.மீ. படுக்கை உள்ள ரயிலில் 170 செ.மீ. ஸ்கீப் பை கீழ்ப்படுக்கைக்கு அடியில் நீளவாக்கில் போகும். விமானத்தில் என்றால் உள்நாட்டில் பெரும்பாலும் 15 கிலோதான் இலவசம். ஸ்கீ, பைண்டிங், பூட்ஸ் மூன்றும் பையுமாகச் சேர்ந்து அதை நெருங்கிவிடும். பூட்ஸை மட்டும் கொண்டுபோய் ஸ்கீயை அங்கே வாடகைக்கு எடுப்பதுதான் நான் சொல்கிற வழி.

குல்மார்க்கில் மேலே போவதற்கு எந்த ஸ்கீ? அங்கே ஆழமான பனி என்கிறார்களே.

குல்மார்க் ஊரே சுமார் 2,650 மீட்டர் உயரம். நம்ம மாநிலத்தின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். மேலே ஏற்றிப் போகிற கம்பிவண்டியான கோண்டோலாவின் முதல் கட்டம் கொங்டூரி வரை போகும். இரண்டாம் கட்டம் அபர்வத் மலைத்தோளில், 3,900 மீட்டருக்கு மேலே இறக்கிவிடும். ஊரைச் சுற்றியும் முதல் கட்டத்திலும் சறுக்குகிறவர்களுக்கு மேலே சொன்ன 86 முதல் 92 நன்றாகப் போதும். இரண்டாம் கட்டத்துக்கு மேலே அனேகமாக எல்லாமே சமன்செய்யாத காட்டுப் பனி. அங்கே 100க்கு மேலே வாடகைக்கு எடுங்கள்.

ஆனால் அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி அகலத்தைப் பற்றியது இல்லை. அபர்வத் சரிவுகளில் பனிச்சரிவு வந்து அனுபவமுள்ள வெளிநாட்டுச் சறுக்காளர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். 2024 பிப்ரவரியிலும் ஒரு ரஷ்யர் இறந்தார். மீட்புக் கருவியான டிரான்ஸீவர், குத்திப் பார்க்கும் புரோப் கம்பி, மண்வெட்டி மூன்றும் உடம்பில் இருக்கணும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்திருக்கணும், உள்ளூர் வழிகாட்டி கூட வரணும். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் மேலே ஏறாதீர்கள். ரோந்துப் பகுதியைத் தாண்டித் தனியாகப் போகிற ஆட்களோடு சேரவும் சேராதீர்கள். பக்குவம் வரும்வரை முதல் கட்டத்தோடு நின்றால் எந்தக் குறைவும் இல்லை.

ஊரில் இருந்துகொண்டே உடம்பைத் தயார்செய்ய முடியுமா?

முடியும். தொடையும் இடுப்பும்தான் வேலை செய்கிற இடம். வ.உ.சி. மைதானத்தின் படிகளில் ஏறி, இறங்கும்போது மெதுவாக இறங்குங்கள். இறங்குகிற அந்தத் தாங்கல்தான் சறுக்கலுக்கு உதவும். சுவரில் முதுகை வைத்து நாற்காலி மாதிரி உட்காருவது, ஒற்றைக் காலில் நின்று மடங்குவது. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

பிள்ளைகளுக்கு?

வாடகை. வளருகிற பிள்ளைக்கு வாங்கினால் அடுத்த வருஷம் பூட்ஸ் சேராது. ‘வளர்ந்தாலும் ஆகும்’ என்று பெரிய அளவு எடுத்துக் கொடுக்கவே கூடாது.

ஒருத்தர் ஊர் மாறிப் போகிறார், அவர் பழைய ஸ்கீயைக் குறைஞ்ச விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

வாங்கலாம், பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு. எட்ஜின் தடிமன் முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி இருக்கணும். பூட்ஸுக்குக் கீழே மட்டும் மெலிந்திருந்தால் நிறையத் தீட்டியிருக்கிறார்கள், இனி தீட்ட மிச்சமில்லை. அடிப்பரப்பில் கீறல் இருந்தால் பரவாயில்லை, அதை நிரப்பிவிடலாம். உள்கட்டை தெரிகிற அளவுக்குப் பள்ளம் இருந்து, அதுவும் எட்ஜை ஒட்டி இருந்தால் விட்டுவிடுங்கள், தண்ணீர் உள்ளே போயிருக்கும். பக்கவாட்டில் அடுக்குகளுக்கு இடையே நகம் நுழைகிறதா என்று நுனியிலும் வாலிலும் தடவிப் பாருங்கள். இரண்டு ஸ்கீயையும் அடிப்பக்கம் சேர்த்து வைத்து அமுக்கினால் இடைவெளி ஒரே சீராக மூடணும். ஒன்று முறுக்கியிருந்தால் அங்கேயே தெரியும்.

மேலே எத்தனை தடவை துளை போட்டு பைண்டிங் மாற்றியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். இரண்டு தடவைக்கு மேல் என்றால் நான் வாங்க மாட்டேன். பைண்டிங் எந்த வருஷத்து மாடல் என்று கேட்டு, கடையில் அதை இன்னும் சரிபார்த்துத் தருவார்களா என்று போன் செய்து உறுதிப்படுத்துங்கள். நிறுவனங்கள் வருஷாவருஷம் பழைய மாடல்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும், எடுத்ததைக் கடைகள் தொடாது. அப்போது ஸ்கீயின் விலையோடு புது பைண்டிங்கின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பெரும்பாலும் போன சீசனின் புது ஸ்கீயைத் தள்ளுபடியில் எடுப்பதே மலிவாக வரும். அவர் பழைய பூட்ஸையும் சேர்த்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த உள்பஞ்சு அவர் காலுக்குப் பதிந்தது.